ஹம்லெற் வாளை ஏன் உறைக்குள்ள வைச்சான்?

தங்கச்சி: பெரியம்மா, ஷேக்ஸ்பியரின்ரை ஹம்லெற் நாடகத்தில மூண்டாம் அங்கம் மூண்டாம் காட்சியில, செபிக்கிற அரசனை ஹம்லெற் ஏன் கொல்லாமல் விடுறான் எண்ட கேள்விக்கு "ஹம்லெற் முடிவெடுக்கத் தெரியாதவன்" எண்டு எழுதினால் காணுமோ?

பெரியம்மா: காணாது பிள்ளை. அந்தக் காட்சியில அவன் முடிவெடுக்கிறான், இப்ப கொல்லுறேல்லை எண்டு. காரணமும் சொல்லுறான்.

பெரியம்மா: தகப்பன்ரை ஆவி முதலாம் அங்கத்தில என்ன சொன்னது? தோட்டத்தில நித்திரையாக் கிடக்கேக்க தம்பி கிளோடியஸ் காதுக்குள்ள நஞ்சு ஊத்தினான் எண்டு. நற்கருணை இல்லை, சாகிற நேரம் எண்ணெய் பூசுற அவஸ்தைப்பூசுதல் இல்லை, பாவக்கணக்குத் தீர்க்கேல்லை. அதால உத்தரிக்கிற ஸ்தலத்தில, பாவம் தீருமட்டும் ஆத்துமா கிடக்கிற இடத்தில, வேகுது. இப்ப அந்தச் சித்தப்பன், அரசனாகிவிட்ட கிளோடியஸ், முழங்காலில நிண்டு செபிக்கிறான். இந்த நேரம் வெட்டினால் நேரா மோட்சம். அது பழி இல்லை, கூலி குடுக்கிறது எண்டுறான்.

குஞ்சியப்பா: அண்ணி சொல்லுறது சரி. மேடையில இதைக் கெடுக்கிறது வாள்தான். பெடியள் உருவின வாளோடயே உள்ள வருவினம். பேச்சு முழுக்க அதைத் தூக்கிப் பிடிச்சால் கை நடுங்கும், சனம் பயந்தவன் எண்டு நினைக்கும். "இப்ப செய்யலாம்" எண்டேக்க கை பிடியில. "இப்ப செய்யிறன்" எண்டேக்க உருவோணும். அடுத்தது "இதை யோசிக்கோணும்". அந்த ரெண்டுக்கும் நடுவில ஒரு மூச்சு விடோணும். "இல்லை" எண்ட பிறகுதான் வாள் உறைக்குப் போகோணும்.

குஞ்சியப்பா: நிக்கிற இடமும் முக்கியம். கிளோடியஸ் முன்னுக்கு, ஹம்லெற் நாலைஞ்சு அடி பின்னால. ரெண்டு முகமும் சனத்துக்குத் தெரியோணும், ஒருத்தன்ரை முகம் மற்றவனுக்குத் தெரியக்கூடாது.

தங்கச்சி: கிளோடியஸுக்கு உண்மையாவே குற்ற உணர்ச்சியோ, நடிப்போ?

பெரியம்மா: உண்மை. தனிய நிக்கேக்க ஆருக்கு நடிக்கிறது? இதுக்கு முதலே, மூண்டாம் அங்கம் முதலாம் காட்சியில, பக்திமுகம் காட்டிப் பிசாசுக்கும் சீனி பூசலாம் எண்டு அரசன்ரை ஆலோசகன் பொலோனியஸ் சொல்ல, அது தன்ரை மனச்சாட்சியில சவுக்கடி எண்டு தனக்குள்ள சொல்லுறான். கனபேர் தவறவிடுற இடம்.

பெரியம்மா: ஆனா மன்னிப்பு வேணுமெண்டால் எடுத்ததைத் திருப்பிக் குடுக்கோணும். முடி, பதவி ஆசை, ராணி எண்டு மூண்டையும் எண்ணிப் பாக்கிறான். ஒண்டையும் விட மனமில்லை. ரெண்டு காரியத்தில மாட்டினவன் மாதிரி எதை முதல் தொடங்கிறதெண்டு தெரியாமல் ரெண்டையும் கைவிடுறன் எண்டு சொல்லுறது ஹம்லெற் இல்லை, கிளோடியஸ்! தயக்கத்தை இவ்வளவு தெளிவாச் சொல்லுற வரி கொலைகாரன்ரை வாயில இருக்கு. விடையின்ரை நடு இதுதான்.

குஞ்சியப்பா: ஹம்லெற் போனபிறகு கிளோடியஸ் எழும்பிச் சொல்லுற ரெண்டு வரியை நேரம் காணாதெண்டு வெட்டக்கூடாது. சொல் மேல போகுது, நினைப்புக் கீழ நிக்குது எண்டுறான். செபம் பலிக்கேல்லை. அது சனத்துக்குத் தெரியும், ஹம்லெற்றுக்குத் தெரியாது.

தங்கச்சி: அடுத்த காட்சியில யோசிக்காமலே குத்துறானே?

பெரியம்மா: ஓம், திரைச்சீலைக்குப் பின்னால நிக்கிறது அரசன் எண்டு நினைச்சு. செத்தது பொலோனியஸ். அதாலதான் "தயங்கிறவன்" எண்ட ஒரு சொல்லுக்குள்ள அவனை அடைக்க ஏலாது.

தங்கச்சி: நாலாம் அங்கம் நாலாம் காட்சியில ஹம்லெற் தன்னைத் தானே திட்டுற பேச்சு, நெற்றில எடுத்த பிரதியில இல்லையே?

பெரியம்மா: அது 1604-05 பதிப்பில இருக்கு, 1623 பெரும்பதிப்பில இல்லை. உன்ரை புத்தகத்தில இருந்தால் எழுதலாம். அதைவிட, ஏழாம் காட்சியில பொலோனியஸின்ரை மகன் லாயர்டீஸ் கோயிலுக்குள்ளயே ஹம்லெற்றின்ரை கழுத்தை வெட்டுவன் எண்டுறதைச் செபக் காட்சிக்குப் பக்கத்தில வை.

தங்கச்சி: அப்ப லாயர்டீஸில தொடங்கட்டோ?

பெரியம்மா: தொடங்கு. அங்கம், காட்சி இலக்கம் போட மறக்காதை.