3 கிலோவாட் சோலாரோடு 1 கிலோவாட் காற்றாடியும் வைக்கலாமா? சுரண்டைப் பக்கம் தோட்டத்து வீடு

தோட்டத்துவீடு:

வணக்கம். வீடு சுரண்டைக்கு மேற்கே, தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. மொட்டை மாடி 30க்கு 35 அடி, தெற்கு ஓரத்தில் 5 அடி உயரத்துக்குத் தண்ணீர் டேங்க். சிங்கிள் பேஸ் இணைப்பு. இரண்டு மாதத்துக்கு 600 முதல் 640 யூனிட் வரை ஓடுகிறது. தோட்டத்து மோட்டாருக்குத் தனி சர்வீஸ், அது இந்தக் கணக்கில் வராது.

ஒரு விற்பனையாளர் 3 கிலோவாட் சோலாரும் 1 கிலோவாட் காற்றாடியும் சேர்த்து 'ஹைப்ரிட்' என்று கோட்டேஷன் கொடுத்திருக்கிறார். காற்றாடியின் விட்டம் 2.2 மீட்டர், மாடியிலேயே 3 மீட்டர் குழாயில் நிறுத்துவாராம். சுற்றிலும் பெரிய காற்றாலைகள் ஓடுகின்றனவே, இங்கே காற்றுக்கு என்ன குறை என்கிறார். சாரல் மாதங்களில் வெயில் குறையும்போது காற்று ஈடுகட்டும் என்பது அவர் வாதம். வீட்டுக்கு மேற்கே 40 மீட்டரில் தென்னை வரிசை இருக்கிறது, சுமார் 15 மீட்டர் உயரம்.

காற்றாடி தேறுமா? பேனல் செல் வகையில் மோனோ பெர்க் வாங்குவதா, டாப்கானா? பேட்டரி வேண்டுமா? கரண்ட் போனால் பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான்.

மேல்காற்று:

காற்றாடியை முதலில் பார்த்துவிடுவோம், அண்ணாச்சி. கோட்டேஷனில் பணம் வீணாகும் இடம் அதுதான்.

'1 கிலோவாட்' என்ற எண்ணை ஓரமாக வையுங்கள். அது விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் காற்றில் வரும் அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பு. 2.2 மீட்டர் விட்டம் என்றால் 3.8 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி 1.15, மொத்தத் திறன் 25 சதவீதம் என்று வைத்தால் கிடைப்பது இவ்வளவுதான்:

12 மீட்டர் வேகத்தில் சுமார் 940 வாட்
6 மீட்டரில் சுமார் 118 வாட்
4 மீட்டரில் சுமார் 35 வாட்

வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிறது. காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, இதில் எந்தக் கம்பெனி இறக்கையும் தப்ப முடியாது. காற்று ஏறி இறங்கி வீசுவதால் சராசரி வேகத்துக்குரிய அளவைவிட நடப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும். அப்படிப் பார்த்தாலும் சராசரி 4 மீட்டர் உள்ள இடத்தில் நாளுக்கு ஒன்றரை யூனிட்டைச் சுற்றித்தான் நிற்கும். அதே 1 கிலோவாட்டைச் சோலாரில் போட்டால் நம் ஊரில் வருடச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட்.

பெரிய காற்றாலைகள் ஓடுவது உண்மை. செங்கோட்டைக் கணவாய் வழியாக மே கடைசி முதல் செப்டம்பர் வரை மேல்காற்று அடித்து வருவதும் உண்மை. ஆனால் அந்தக் காற்றாலைகளின் தலை 80 மீட்டர், 100 மீட்டர், அதற்கும் மேலே இருக்கிறது. 80 மீட்டரில் 8 மீட்டர் வேகம் இருந்தால், தடையில்லாத வெட்டவெளியிலேயே 10 மீட்டர் உயரத்தில் 5.3 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். மின்சாரக் கணக்கில் அது மேலே உள்ளதில் 29 சதவீதம். இதை வெட்டவெளிக்குச் சொல்கிறேன். உங்களுக்கோ காற்று வரும் மேற்குத் திசையிலேயே தென்னை நிற்கிறது.

மரத்தையோ கட்டடத்தையோ தாண்டும் காற்று சுழன்று கலங்கும். அந்தக் கலக்கம் தடையின் உயரத்தைப்போல் 20 மடங்கு தூரம்வரை போகும், மேலேயும் இரண்டு மடங்கு உயரம்வரை எட்டும். 15 மீட்டர் தென்னைக்கு 40 மீட்டர் தள்ளி, மாடிமேல் 3 மீட்டர் குழாயில் நிற்கும் காற்றாடி முழுக்கக் கலக்கத்துக்குள்தான் இருக்கும். கலங்கிய காற்றில் வால் நிலைகொள்ளாமல் ஆடும், தலை ஓயாமல் திரும்பும், பேரிங்கும் இறக்கை வேரும் சீக்கிரம் தேயும். மின்சாரமும் வராது. 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதைவிடவும் இறக்கையின் கீழ்நுனி 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதே விதி. உங்கள் இடத்துக்கு அது 25 மீட்டருக்கு மேற்பட்ட கம்பம். கம்பத்தின் விலையில் இன்னொரு சோலாரே போட்டுவிடலாம்.

மாடியில் நிறுத்துவதை எந்த இடத்துக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிர்வு குழாய் வழியாகத் தளத்துக்கு இறங்கும், ராத்திரி அறைக்குள் உறுமல் கேட்கும், போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விட்டு நீர் கசியும்.

சாரல் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஜூன், ஜூலையில் வெயில் குறையும்போது காற்று கூடும். ஆனால் வெயில் இன்னும் மோசமாகக் குறைவது வடகிழக்குப் பருவமழையில், நவம்பரிலும் டிசம்பரிலும். அப்போது மேல்காற்று ஓய்ந்திருக்கும். லைனுக்குக் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் இருக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வை ஈபி லைனே சமன் செய்துகொள்ளும்.

ஓம்விதி:

மேலே சொன்னதை ஒத்துக்கொண்டு சோலார் பக்கம் வருகிறேன்.

உங்கள் செலவு நாளுக்கு 10 யூனிட்டுக்கு மேல். 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட், நாளுக்குச் சராசரி 12 யூனிட் தாராளமாக வரும். அதற்கு மேல் போடத் தேவையில்லை. மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் மானியமும் 3 கிலோவாட்டில் 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. மானியம் கிடைக்கப் பேனலும் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும், பேனலுக்குள் இருக்கும் செல்லும் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். கோட்டேஷனில் 'டிசிஆர்' (உள்நாட்டுத் தயாரிப்பு நிபந்தனை) என்று எழுதி வாங்குங்கள். வரிசை எண்களோடு சான்றிதழ் கேளுங்கள். காற்றாடிக்கு இந்த மானியம் கிடையாது. வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று ஈபி ஆபீஸில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மோனோ பெர்க்கா, டாப்கானா என்பதில் பலர் தேவைக்கு மேல் குழம்புகிறார்கள். வெயிலில் செல்லின் சூடு 65 டிகிரி தொடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.30. அந்த நேரத்தில் ஒன்று 14 சதவீதம் இழந்தால் மற்றது 12. டாப்கான் வயதாக ஆகச் சற்று மெதுவாகத் தேயும். வாட்டுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வித்தியாசம் என்றால் டாப்கான் வாங்குங்கள், அதற்கு மேல் கேட்டால் பெர்க்கே போதும். இருபக்கப் பேனலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். தரையோடு ஒட்டித் தாழ்வாகப் போடும் மாடியில் பின்பக்கம் பெரிதாக ஒன்றும் தராது.

ஆறையும் ஒரே வரிசையாகத் தொடுத்தால் திறந்த மின்னழுத்தம் சுமார் 297 வோல்ட், ஓடும்போது 250, உச்சி வெயிலில் 215 அளவுக்கு இறங்கும். 3 கிலோவாட் சிங்கிள் பேஸ் இன்வர்ட்டரின் எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் பகுதி) எல்லைக்குள் இது பெரும்பாலும் அடங்கும். ஆனாலும் அதன் தரவுத்தாளில் தொடக்க வோல்ட்டையும் உச்ச வோல்ட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்வர்ட்டர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளில் இழப்பு ஒரு சதவீதம்தான்.

டேங்க் விஷயத்தில் கவனம். பேனலை டேங்குக்கு வடக்கே ஒட்டிப் போட்டால் மார்கழியில் காலை முழுக்க நிழல் விழும். ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழல்கூட அதிலுள்ள மூன்று டயோடில் ஒன்றைத் திறந்து, அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடும். 5 அடி டேங்குக்கு வடக்கே குறைந்தது ஏழெட்டு அடி விடுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உங்கள் ஊரில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், அப்போது நிழல் தெற்கே விழும். இதை மறந்துவிட்டுத் தெற்கு நிழலை மட்டும் பார்க்கிறவர்கள் அதிகம். சாய்வு 10 டிகிரி, தெற்குப் பார்த்து. அட்சரேகை 9 என்று அதற்கும் குறைத்தால் மழைத் தண்ணீர் கீழ்ச் சட்டத்தில் தங்கி அழுக்குக் கோடு படியும்.

பேட்டரி: ஈபி லைனோடு சேர்ந்தே ஓடும் சாதாரண ஆன்-கிரிட் இன்வர்ட்டர் கரண்ட் போனால் வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். லைன்மேன் கம்பியில் கை வைக்கும்போது உங்கள் வீட்டு மின்சாரம் அதில் ஏறக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு வீட்டு யூபிஎஸ்ஸும் ஒரு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் போதும், ஃபேன், லைட், டிவி ஓடும். பிரிட்ஜும் சேர்ந்து ராத்திரி முழுக்க ஓட வேண்டும் என்றால்தான் சோலாரோடு பேட்டரியையும் சேர்த்து ஓட்டும் ஹைப்ரிட் இன்வர்ட்டரும் 51.2 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும். அதில் 4.6 யூனிட் எடுக்கலாம். நான்கு டியூபுலரில் 7.2 யூனிட் என்று போட்டிருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும்.

ஜிஐகம்பி:

ஸ்டாண்டு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் இதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பகுதிக்குக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு அழுத்தம் சுமார் 93 கிலோ. ஆறு பேனலின் பரப்பு பதினைந்தரை சதுர மீட்டர், ஆக மொத்தம் ஏறக்குறைய 1.4 டன் தூக்கும் விசை. ஆறு கால் என்றால் காலுக்கு 240 கிலோ. பேனல்களின் சொந்த எடை மொத்தமே 170 கிலோதான். 40 கிலோ சிமென்ட் கட்டையை வெறுமனே வைத்துவிட்டுப் போகிற வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தட்டோட்டைத் துளைத்து நேரே போல்ட் அடிக்கவும் விடாதீர்கள், அடுத்த ஐப்பசியில் ஒழுகும். கால் வரும் இடத்தில் தட்டோட்டையும் சுருக்கியையும் ஓரடிச் சதுரத்துக்கு வெட்டி எடுத்து, காங்கிரீட் தளத்தில் கெமிக்கல் ஆங்கர் (பசை வைத்துப் பதிக்கும் போல்ட்) இறக்கி, அதன்மேல் கம்பி வைத்துக் கட்டை வார்த்து, சுற்று விளிம்பில் நீர்த்தடுப்புப் பூச வேண்டும். ஏழு நாள் நனைத்த பிறகே ஸ்டாண்டு. இரும்பு 80 மைக்ரான் ஹாட் டிப் கால்வனைசிங், போல்ட் நட் எஸ்எஸ் 304. வந்த இடத்தில் வெல்டிங் வைத்து வெள்ளிப் பெயின்ட் அடித்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

எர்த் மூன்று குழி தனித்தனி: பேனல் சட்டத்துக்கு ஒன்று, இன்வர்ட்டர் ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. பேனல் கம்பிகளை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். பொருந்துகிறதே என்று கலந்து போட்டால் தொடுமிடம் சூடேறி உருகுவது அங்கேதான்.

கழுவுவது விடியற்காலையில். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளை படியும், கடைசியில் ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள்.

தோட்டத்துவீடு:

மூவருக்கும் நன்றி. காற்றாடியை மாடியிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். வீட்டிலிருந்து 200 மீட்டரில் மரமே இல்லாத மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே கம்பம் நட்டால்? செங்குத்து அச்சில் சுற்றும் மாடல் கலங்கிய காற்றிலும் ஓடும் என்கிறார்களே, அதுவாவது?

மேல்காற்று:

செங்குத்து மாடலுக்கும் பரப்புதான் கணக்கு. கடையில் வரும் 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் உள்ளதற்கு 1.2 சதுர மீட்டர். 6 மீட்டர் காற்றில் 30 வாட் வந்தால் பெரிது. கலங்கிய காற்றில் சுற்றும், சரிதான். சுற்றுவதைப் பார்த்து மீட்டரும் ஓடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

மேட்டு நிலத்தில் காற்று நன்றாகவே இருக்கும், அங்கே கேபிள்தான் இடிக்கும். 48 வோல்ட்டில் 1 கிலோவாட் என்றால் 21 ஆம்பியர். போக வர 400 மீட்டர். கணக்கு சுலபமாக இருக்க டிசியாகவே எடுத்துக்கொள்வோம்: 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டாலும் 10 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஐந்தில் ஒரு பங்கு. 5 சதவீதத்துக்குள் அடக்க 70 சதுர மில்லிமீட்டர் வேண்டும். அந்தக் கம்பியின் விலையை ஒரு கடையில் விசாரித்தாலே முடிவு தெரிந்துவிடும்.

இருந்தும் ஆசை விடவில்லை என்றால் காற்றாடி வாங்கும் முன் காற்றை அளந்து பாருங்கள். 10 மீட்டர் குழாயில் கிண்ணக் காற்றுமானியும் பதிவுக் கருவியும் வைத்து, பத்து நிமிடச் சராசரியாக ஒரு வருடம் எடுங்கள். மேல்காற்று மாதங்களை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். வருடச் சராசரி 5 மீட்டருக்குக் கீழே என்றால் அதோடு விட்டுவிடலாம்.

இன்னொன்று, கோட்டேஷனில் சோலாருக்கும் காற்றாடிக்கும் 'ஒரே கன்ட்ரோலர்' (பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) என்று எழுதியிருந்தால் கட்டாயம் கேளுங்கள். சோலார் கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும், பேனலுக்கு அதனால் கேடில்லை. காற்றாடிக்கு லோடு விட்டுப்போனால் கட்டுமீறிச் சுற்றி இறக்கையைப் பிய்த்துக்கொள்ளும். அதற்கு மிச்ச மின்சாரத்தை எரிக்கும் டம்ப் லோடு தனியாக வேண்டும், காற்றாடியின் முழு வாட்டையும் தாங்கும் அளவுக்கு. காற்றாடியின் மூன்று பேஸ் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து அதை நிறுத்தும் பிரேக் சுவிட்சை வேகக் காற்றில் போடக் கூடாது, சுருள் கருகிவிடும். காற்று தணிந்த நேரத்தில் போட்டுவிட்டுத்தான் கம்பத்தைச் சாய்க்க வேண்டும்.

ஓம்விதி:

திருத்திய கோட்டேஷன் வந்ததும் பேனல் மாடல் எண், இன்வர்ட்டர் மாடல் எண் இரண்டையும் இங்கே போடுங்கள், வோல்ட் பொருத்தம் பார்த்துச் சொல்கிறேன். அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுக்கலாம்.