முகூர்த்த நாளும் ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேடும்

கணக்கு டீச்சர், நிலக்கோட்டைப் பக்கம்

பிள்ளைகள் மட்டம் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "பெத்தவங்களுக்கு அக்கறை இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் ஊரில் நடந்ததை எழுதுகிறேன், உங்கள் ஊர்க் கதையையும் சொல்லுங்கள்.

எங்களுடையது அரசு நடுநிலைப்பள்ளி, ஒன்று முதல் எட்டு வரை. சுற்றிலும் மல்லிகைத் தோட்டம். பூவை மொட்டாக இருக்கும்போதே இருட்டோடு பறித்து, காலையிலேயே மார்க்கெட்டில் சேர்த்தால்தான் விலை. கூலி கிலோ கணக்கில். ஒரு நாள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேடுகளையும் தினசரி காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் எல்லாம் வகுப்பு பாதி காலி. முகூர்த்தம் வந்தால் பூ விலை ஏறும், செடியில் ஒரு மொட்டு நிற்கத் தோட்டக்காரர் விடமாட்டார். ஆள் பற்றாது, குடும்பத்தோடு கூப்பிடுவார். மார்ச் மாதம் பிறந்தால் பூ கொட்டும், முழு ஆண்டுத் தேர்வும் அதையொட்டி ஏப்ரலில் வரும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஐந்தாம் வகுப்பு வரை இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் எட்டேகாலுக்கே தட்டோடு உட்கார்ந்திருப்பான். ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட அவன் அக்காவுக்கு அதே வளாகத்தில் மதிய சத்துணவு மட்டும்தான். அவள் நாலரை மணிக்கு எழுந்து பூப் பறித்துவிட்டு வீட்டுக்கு வருவாள். அம்மா இன்னும் தோட்டத்தில்தான் இருப்பார், அடுப்பு எரிந்திருக்காது. நகக்கண்ணில் பச்சைக் கறையோடு அப்படியே பாயில் சாய்ந்தால் பதினோரு மணிக்குத்தான் விழிப்பாள். அதற்கப்புறம் பள்ளிக்கு வர வெட்கம். காலை உணவு எட்டாம் வகுப்பு வரை வந்தாக வேண்டும் என்று நான் எங்கே பேசினாலும் சொல்வது இதனால்தான்.

இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) வைத்தோம். 2022இல் குழுக்களை மாற்றி அமைத்தபோது இருபது பேர் இருந்தார்கள், அதில் பெரும்பாலோர் பெற்றோர், தலைவரும் ஒரு அம்மாதான். அவர்கள்தான் வழி சொன்னார்கள். தோட்டங்களில் எடை போடும்போது ஒரு நோட்டில் பெயரும் கிலோவும் எழுதுவார்கள். அந்த நோட்டில் பிள்ளைகள் பெயரும் இருந்தது. பதினான்கு வயது ஆகாத பிள்ளையைக் கூலிக்கு வைக்கக் கூடாது என்று 2016 சட்டத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. அதைக் கோயில் மண்டபத்தில் தோட்டக்காரர்களை உட்கார வைத்து எங்கள் தலைவி சொன்னார். "புகார் கொடுக்க வரலைண்ணே. உங்க நோட்டுல எங்க பிள்ளைங்க பேரு வேண்டாம், அவ்வளவுதான்." குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுவது எப்போதும் இருக்கிற வழி. ஆனால் தினமும் முகம் பார்க்கிற ஊரில் முதலில் பேசிப் பார்ப்பதே சரி என்று அம்மாக்கள் முடிவு செய்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்புறம், தெருவுக்கு ஓர் அம்மா. காலையில் செயலியில் வருகைப் பதிவு போட்டதும் வராதவர்கள் பெயர் அந்தந்தத் தெரு அம்மாவுக்குப் போகும். பத்து மணிக்குள் அவர் வீட்டு வாசலில் நிற்பார். போனதும் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். முதல் நாளே ஒருவர் வந்து கேட்டால் பிள்ளை மறுநாள் வந்துவிடுகிறது. ஒரு வாரம் போய்விட்டால் நான் வந்து நின்றாலும் கதவு திறப்பதில்லை.

எட்டாம் வகுப்பு அம்மா, எஸ்.எம்.சி. உறுப்பினர்

டீச்சர், எங்க ஊர்ல பொம்பளைப் பிள்ளைங்கதான் அதிகமா நின்னாங்க. மாசத்துல மூணு நாலு நாள் வராது, கேட்டா வயித்து வலின்னு சொல்லும். நாங்க நாலைஞ்சு அம்மாக்கள் ஒரு சாயங்காலம் பிள்ளைகளோட மரத்தடியில உட்கார்ந்தோம். சார்களை வரவேண்டாம்னு சொல்லிட்டோம். ரொம்ப நேரம் யாரும் வாயைத் திறக்கலை. கடைசியா ஒரு பிள்ளை "அத்தை, பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனா ஒருத்தி வெளியே புடிச்சுக்கிட்டு நிக்கணும்" என்றாள்.

இவ்வளவுதான் விஷயம். இதற்கு நிதி, கடிதம் என்று காத்திருக்காமல் தச்சு வேலை செய்யும் ஒரு அப்பா மறுநாளே தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். அரசு கொடுக்கும் நாப்கினும் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் இருந்தது தலைமையாசிரியர் அறை பீரோவில். அவர் நல்ல மனிதர்தான். இருந்தாலும் பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒரு சாரிடம் போய் எப்படிக் கேட்கும்? சத்துணவு அமைப்பாளர் அக்காவிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டோம். இப்போது பிள்ளைகள் தட்டுக் கழுவப் போகிற சாக்கில் வாங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு போய்க் கேட்கிறீர்களே, பெண் பிள்ளைகளிடம் மட்டும் தனியாகக் கேளுங்கள். அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் நின்றால் "வயித்து வலி"க்கு மேல் ஒரு வார்த்தை வராது.

டவுன் பஸ் கண்டக்டர்

நானும் ஒன்று சொல்கிறேன். பஸ் பாஸ் வைத்திருக்கும் பையன்களில் யார் எந்த ஸ்டாப்பில் இறங்குவான் என்று எங்களுக்கு அத்துப்படி. பள்ளி ஸ்டாப்பில் இறங்காமல் டவுன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒருவன் உட்கார்ந்திருந்தால் அன்றைக்குப் பள்ளி இல்லை என்று அர்த்தம். நான் பஸ்ஸில் சத்தம் போடுவதில்லை. நாலு பேர் முன்னால் கேட்டால் மறுநாள் வேறு பஸ்ஸில் ஏறிவிடுவான். கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கின பிறகு, "தம்பி, திரும்புற ட்ரிப்புல உன்னை ஸ்கூல்ல இறக்கி விடுறேன், உட்காரு" என்று சொல்வேன். டீ வாங்கிக் கொடுத்தால் காரணத்தையும் சொல்லிவிடுவான். ஒருவனுக்கு எட்டாம் வகுப்பு அண்ணன்கள் அடித்துப் பணம் பிடுங்குகிறார்கள் என்று அப்படித்தான் தெரிந்தது. பள்ளியில் என் போன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

கண்மாய்க்கரைத் தன்னார்வலர், சிவகங்கை மாவட்டம்

கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது சேர்ந்தவள் நான். எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவான், பள்ளிக்குப் போய்ச் சேரமாட்டான். கண்மாய்க்கரை ஆலமரத்தில் பையைத் தொங்கவிட்டு மீன் பிடித்துக்கொண்டிருப்பான். எல்லாரும் சொன்னது "மீன் பைத்தியம்" என்று.

எந்தெந்த நாள் போகவில்லை என்று அவன் அம்மாவோடு உட்கார்ந்து குறித்தோம். அதைக் கால அட்டவணையோடு சேர்த்துப் பார்த்தால், சமூக அறிவியல் முதல் பாடவேளையாக வரும் நாள்கள்தான் எல்லாம். அந்த வகுப்பில் ஆளுக்கு ஒரு பத்தி எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அவனுக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. மூன்றாம் வகுப்பு முழுக்கவும் நான்காம் வகுப்பில் ஏறக்குறைய பாதியும் பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தில் போனது. அப்புறம் தேர்ச்சி மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆசிரியரிடம் கொஞ்ச நாளைக்கு இவனை எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அவரும் மறுக்கவில்லை. சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் பாடப் புத்தகத்தைத் தொடாமல், அவனுக்குத் தெரிந்த மீன் பெயர்களை எழுதி ஆரம்பித்தோம். கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை. 'விரால்' எழுதியபோது 'ல்' போடலாமா 'ள்' போடலாமா என்று என்னிடம் கேட்டான். அதுவரை அவன் எதையும் கேட்டதில்லை. இப்போதும் சில நாள் கண்மாய்க்குப் போய்விடுகிறான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பாடவேளையைப் பார்த்துப் போவது நின்றுவிட்டது.

ஒரு அப்பா

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில், பள்ளி நேரத்தில் சுற்றுகிற பிள்ளைகளைப் போட்டோ எடுத்துப் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பயம் இருந்தால்தான் போவார்கள் என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கணக்கு டீச்சர், நிலக்கோட்டைப் பக்கம்

தயவுசெய்து வேண்டாம் சார். அந்தப் போட்டோ ஊர் முழுக்கச் சுற்றும், நாளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயராகும். கண்டக்டர் அண்ணன் எழுதியதைப் பாருங்கள், பஸ் காலியான பிறகுதான் கேட்கிறார். அதனால்தான் அடிக்குப் பயந்த பையன் அவரிடம் சொன்னான். குரூப்பில் படம் போட்டிருந்தால் மீன் பிடிக்கிற பையனின் வாசிப்புச் சிக்கல் யாருக்குத் தெரிந்திருக்கும்? எங்கள் தெரு அம்மாக்களுக்குப் பெயர் தனித்தனியாகத்தான் போகிறது, குரூப்பில் போடுவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டோம்.

வருமானம் போகிறதே என்று கேட்கும் வீடுகளுக்கு நான் கணக்கு போட்டுக் காட்டுவேன். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால், மேல்படிப்பில் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1000 ரூபாய். ஆறாம் வகுப்பில் நின்றுபோனால் அதுவும் போச்சு. இதைச் சொன்னால் அப்பாக்கள் கவனிக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பம்மா சொன்னதைப் படித்ததும் எங்கள் பள்ளியில் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தேன், இருக்கிறது. நாப்கின் பெட்டி எங்கே இருக்கிறது என்று திங்கட்கிழமை கேட்கப் போகிறேன். அக்டோபர் 2 கிராம சபையில் காலை உணவை எட்டாம் வகுப்பு வரை கேட்டுத் தீர்மானம் கொண்டுவர எங்கள் தலைவி தயாராகிறார். வேறு ஊர்களிலும் இப்படித் தீர்மானம் போட்டவர்கள் இருந்தால் அதன் வாசகத்தை இங்கே எழுதுங்கள், எங்களுக்கு உதவும்.