அவசரம்: அஞ்செட்டி பக்கம் வண்டி மாட்டிக்கொண்டது, போன் போகவில்லை, யாரைக் கூப்பிடுவது?

மாங்காமண்டி · மாலை 5:52
வணக்கம், அவசரம். தங்கச்சி வீட்டுக்காரரும் கூட்டாளிகளும் காலையில் வண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். "வண்டி புதஞ்சிடுச்சு, யாரையாவது அனுப்பு" என்று ஒரு மெசேஜ் வந்தது, அதற்கப்புறம் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வருகிறது. 112க்கு அடிக்கலாமா, இல்லை யாராவது டிராக்டர்காரரைத் தெரிந்தால் சொல்லுங்கள். நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். சீக்கிரம்.

தளிரோடு · 5:55
அஞ்செட்டி பக்கம் என்றால் எந்தப் பக்கம்? நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிற ரோடா, உரிகம் கோட்டையூர் பக்கமா, தொட்டல்லா ஆற்று ஓரமா? எல்லாம் வேறு வேறு பாதை. ஒன்றில் தேடிப் போய் இல்லை என்று திரும்பி வருவதற்குள் ராத்திரி ஆகிவிடும்.

டீசல்பொறுக்கி · 5:57
என்ன வண்டி? ஃபோர் பை ஃபோரா? எத்தனை பேர்? யாருக்காவது அடியா? மணலா சேறா? தண்ணீர் ஓடுகிறதா? ஒன்றுமே சொல்லவில்லையே பாஸ்.

பழைய_வில்லீஸ் · 6:01
தம்பி, வண்டி எடுக்கும் முன்பே எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த மணியைத் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இதை நான் எழுதி எழுதிக் கை வலிக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. ரீல்ஸ் பார்த்து மஹிந்திரா தார் ஜீப் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

மாங்காமண்டி · 6:04
தார்தான். அஞ்செட்டிக்கு என்றுதான் சொன்னார். அடி இல்லை என்று நினைக்கிறேன். 112 அடிக்கவா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள்.

நாலுசக்கரம் · 6:06
மாப்பிள்ளையையே 112க்கு அடிக்கச் சொல்லுங்க. சிக்னல் சுத்தமாக இல்லாவிட்டாலும் 112 போகும், அது சாட்டிலைட் வழியாகப் போகிறது.

ராகிக்களி · 6:09
சாட்டிலைட்டும் இல்லை ஒன்றும் இல்லை. நம்முடைய கம்பெனி சிக்னல் இல்லாத இடத்தில் வேறு கம்பெனி டவர் எட்டினால் அதைப் பிடித்துக்கொண்டு 112 போகும், அவ்வளவுதான். எந்த டவரும் எட்டாத பள்ளத்தில் அதுவும் போகாது. இதை நம்பி எத்தனை பேர் கிளம்புகிறார்களோ.

மாங்காமண்டி, நீங்கள் அடியுங்கள், இப்பவே. அங்கே காவிரிக்கரையை ஒட்டி நின்றால் அக்கரை டவர் பிடிக்கும், அப்போது அவர் அடிக்கிற 112 கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். நீங்கள் கிருஷ்ணகிரியிலிருந்து அடித்தால் நேராகத் தமிழ்நாட்டுக்கு வரும், அஞ்செட்டி காவல் நிலையத்துக்குத் தகவல் போய்விடும். கூடவே கலெக்டர் ஆபீஸ் பேரிடர் எண் 1077க்கும் சொல்லுங்கள், மொபைலில் இருந்து என்றால் முன்னால் 04343 சேர்த்து.

தளிரோடு · 6:11
ஃபாரஸ்ட்டை விட்டுவிட்டீர்களே. அங்கே முதலில் சொல்ல வேண்டியது ரேஞ்ச் ஆபீசுக்குத்தான். போன் எடுக்காத இடத்திலும் அவர்களுடைய வயர்லெஸ் பேசும், பாதை அத்தனையும் தெரியும். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பையன்கள், "பெரிய பாறை பக்கத்து ஓடை" என்றாலே புரிந்துகொள்வார்கள்.

மாங்காமண்டி · 6:15
ஃபாரஸ்ட்டுக்குச் சொன்னால் கேஸ் ஆகுமா? அவர் உள்ளே போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

பழைய_வில்லீஸ் · 6:17
ஆஹா, இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போயிருக்கிறார்கள், அதனால்தான் இடம் சொல்ல வாய் வரவில்லை. அஞ்செட்டி, உரிகம் காடெல்லாம் 2014லேயே காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது, சின்ன இடமும் இல்லை, 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022ல் காவேரி தெற்கும் வந்தது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், சரணாலயத்துக்குள் நுழைவது பற்றிய 27ஆவது பிரிவைப் படித்துவிட்டு அப்புறம் ஆஃப்ரோடு பேசுங்கள்.

ராகிக்களி · 6:19
வில்லீஸ் அண்ணா, சட்டத்தை நாளைக்குப் படிக்கலாம், இன்றைக்கு ஆள் வெளியே வரட்டும். மாங்காமண்டி, அபராதமோ கேஸோ, அதெல்லாம் ஆள் திரும்பி வந்தால்தானே. அது யானைக் காடு. இருட்டின பிறகு நீங்களாக டிராக்டர் பிடித்து அனுப்பினால் டிராக்டர்காரரையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். ஓசூர் வனக்கோட்டத்துக்குச் சொல்லுங்கள், எங்கே என்று தெரியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

டீசல்பொறுக்கி · 6:22
ஒரு வேலை செய்யுங்க. வாட்ஸப்பில் நீங்கள் அனுப்பின மெசேஜ் எதிலாவது இரண்டு டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் அதை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும், அந்த நேரத்தில் அவர் சிக்னலில் இருந்திருக்கிறார் என்று அர்த்தம். தங்கச்சி போனில் கூகுள் மேப்ஸ் திறந்து அவர் லொகேஷன் எப்போதாவது பகிர்ந்து வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள், பாதி வீடுகளில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மாங்காமண்டி · 6:31
112 சொல்லிவிட்டேன், ஃபாரஸ்ட்டுக்கும். லொகேஷன் பகிரவில்லை. 5:20க்கு ஒரு மெசேஜ் இரண்டு டிக். அப்புறம் எல்லாம் ஒரு டிக்.

டீசல்பொறுக்கி · 6:34
நல்ல செய்தி. யாரோ ஒருத்தர் மேட்டில் ஏறி சிக்னல் தேடுகிறார்கள், அல்லது போன் அப்பப்போ பிடித்து விடுகிறது. இப்போது சாதா எஸ்எம்எஸ் அனுப்புங்கள், வாட்ஸப் வேண்டாம். பேச முடியாத அளவுக்கு மெல்லிசான சிக்னலிலும் எஸ்எம்எஸ் நுழைந்துவிடும். அதில் எழுத வேண்டியது: மேப்பில் நீலப்புள்ளி மேல் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும், அதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பு. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, படம் வராமல் திரை வெள்ளையாக இருந்தாலும் எண் வரும். ஒன்று 12இல் ஆரம்பிக்க வேண்டும், இன்னொன்று 77இல், இல்லை என்றால் எங்கேயோ தப்பு. புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் இருந்தால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் இடம் கிடைத்துவிடும். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப் போகும், ஓடைக்கு எந்தக் கரை என்றே தெரியாது.

அப்புறம் போனை அணைத்து வைத்துவிட்டு மணிக்கு ஒரு தடவை, சரியாக மணி அடிக்கும்போது மட்டும் போடச் சொல்லுங்கள். டவர் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

அலைவரிசை · 6:38
இதற்கெல்லாம் ஒரே தீர்வு வாக்கி டாக்கி. ஆளுக்கொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

நாலுசக்கரம் · 6:40
லைசென்ஸ் இல்லாமல் வாக்கி டாக்கி வைத்தால் உள்ளே தூக்கிப் போடுவார்கள்.

அலைவரிசை · 6:44
446.0லிருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தி ரேடியோவுக்கு 2018லேயே லைசென்ஸ் விலக்கு கொடுத்தாகிவிட்டது. ஆன்லைனில் மலிவாக வருகிற, எந்த அலைவரிசைக்கும் திருப்பக்கூடிய செட் அதில் சேராது, அதற்குத்தான் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ். நானே தேர்வு எழுதி வாங்கினவன், ஒன்றும் கஷ்டமில்லை.

பழைய_வில்லீஸ் · 6:47
அந்த 446 செட் மலைக்கு நடுவில் ஒரு கிலோமீட்டர், ரொம்பப் போனால் இரண்டு. முன்னால் போகிற வண்டியும் பின்னால் வருகிற வண்டியும் பேசிக்கொள்ளலாம். அஞ்செட்டிக் காட்டிலிருந்து கிருஷ்ணகிரியைக் கூப்பிட அது என்ன ஆல் இந்தியா ரேடியோவா? ஹாம் செட் வைத்திருந்தாலும் அந்தப் பக்கம் கேட்க ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாலுசக்கரம் · 6:50
அப்போ சாட்டிலைட் போன்? வெளிநாட்டில் கார்மின் என்ற சாட்டிலைட் கருவி வைத்திருக்கிறார்களே, ஒரு பட்டன் அழுத்தினால் போதும். ஐபோன் 14இலேயே வந்துவிட்டதே.

அலைவரிசை · 6:53
ஐபோனின் அந்த வசதி இந்தியாவில் கிடையாது. கார்மின் இன்ரீச், துராயா, இரிடியம் எல்லாம் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கார்மினோடு வந்த வெளிநாட்டுப் பெண்மணியைப் பிடித்து வைத்தது செய்தியாக வந்தது. இங்கே முறைப்படி வேண்டும் என்றால் பி.எஸ்.என்.எல். வழியாக இன்மார்சாட் சாட்டிலைட் போன் வாங்கலாம், விலையைக் கேட்டால் தாரை விற்க வேண்டியிருக்கும்.

நாலுசக்கரம் · 6:54
உயிர் போகிற நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்.

பழைய_வில்லீஸ் · 6:56
உயிர் போகிற நேரத்துக்கு முன்னால் செக்போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது.

தளிரோடு · 7:02
ரேடியோ சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாங்காமண்டி, எஸ்எம்எஸ்ஸில் இதையும் சேருங்கள்: வண்டியை விட்டு நடக்க வேண்டாம். வண்டி மணல் ஓடையில் நின்றால் ஆட்கள் மட்டும் மேலே ஏறிக் கரையில் இருக்கட்டும், மேற்கே மேகம் கட்டியிருக்கிறது, அங்கே பெய்தால் இங்கே மழையே இல்லாமல் தண்ணீர் இறங்கும்.

ஒகேனக்கல்காரன் · 7:05
ஹார்ன் விடாமல் அடிக்கச் சொல்லுங்க, சத்தம் கேட்டு ஊர்க்காரர்கள் வருவார்கள், யானையும் ஓடிவிடும்.

தளிரோடு · 7:08
யானை ஓடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? குட்டியோடு நிற்கிற கூட்டம் என்றால் சத்தம் வந்த பக்கம்தான் திரும்பும். டார்ச்சை மூன்று தடவை மினுக்கி நிறுத்தி மறுபடி மூன்று தடவை, தேடி வருகிறவர்கள் வெளிச்சம் தெரிந்த பிறகு இதைச் செய்தால் போதும். நெருப்பு மூட்டவே வேண்டாம்.

ஒகேனக்கல்காரன் · 7:10
நான் அந்தக் காட்டிலேயே வளர்ந்தவன் சார்.

தளிரோடு · 7:11
நானும்தான்.

மாங்காமண்டி · 7:26
எண் வந்தது. 12, 77 இரண்டும் சரி. ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

டீசல்பொறுக்கி · 7:27
அருமை. இங்கே போடாதீர்கள், அவர்களுக்கு மட்டும் கொடுங்கள். இங்கே போட்டால் உதவுகிறேன் என்று இன்னும் மூன்று தார் உள்ளே போகும். இழுக்கும்போது கயிறை பம்பரில் கட்ட விடாதீர்கள், வண்டியை இழுப்பதற்கென்றே இருக்கிற கொக்கியில் (டோ ஹூக்) மாட்டச் சொல்லுங்கள். கயிறு இழுபடுகிற நேரத்தில் பக்கத்தில் ஒருத்தரும் நிற்கக் கூடாது, அறுந்தால் காலை வாங்கிவிடும். டயரில் காற்றைப் பாதியாக இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டிவிட்டு லோ ரேஞ்சில் (ஃபோர் பை ஃபோரின் குறைந்த வேக கியரில்) மெதுவாக எடுத்தால் பல நேரம் கயிறே தேவைப்படாது.

பழைய_வில்லீஸ் · 7:40
காற்று இறக்கினால் திரும்ப அடிக்க கம்ப்ரசர் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் எனக்குத் தெரியும்.

ராகிக்களி · 8:55
என்ன ஆச்சு?

ராகிக்களி · 9:48
மாங்காமண்டி? ஒரு வார்த்தை போடுங்கள்.

மாங்காமண்டி · 11:13
ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், ஃபாரஸ்ட் ஜீப்பில். வண்டி அங்கேதான் இருக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

தளிரோடு · 11:15
அப்பாடா. எந்த இடம் கடைசியில்? தொட்டல்லாவா?

டீசல்பொறுக்கி · 11:16
நல்லது. வண்டியைக் காலையில் எடுக்கும்போது ரேடியேட்டர், ஏர் ஃபில்டர், கியர்பாக்ஸ் ஆயில் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் கதவுக்கு மேல் ஏறியிருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

நாலுசக்கரம் · 11:31
அபராதம் எவ்வளவு போட்டார்கள்?

அலைவரிசை · 11:52
மேலே 446 ஒரு கிலோமீட்டர்தான் என்று சொன்னவருக்கு: நடுவில் மறைப்பு இல்லாமல் மேட்டிலிருந்து மேட்டுக்குப் பேசினால் அதைவிட எவ்வளவோ தூரம் போகும்.

பழைய_வில்லீஸ் · 11:58
மாட்டிக்கொள்கிறவன் எப்போதும் பள்ளத்தில்தான் மாட்டுகிறான்.

தளிரோடு · காலை 8:20
மாங்காமண்டி, எந்த ஓடை என்று மட்டும் சொல்லுங்கள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்க ரோட்டில் வருகிறோம்.