ஜெர்மனியில் ஈ-பைக்: ஆட்கள் நடக்கும் சைக்கிள் பாதையில் ஓட்டலாமா?

கேள்வி: ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருக்கிறேன். ஆபீசுக்குப் போய்வர ஈ-பைக் வாங்கலாம் என்று யோசனை. வழியில் முக்கால்வாசி தூரம், ஆட்கள் நடக்கிற, சைக்கிளும் போகிற பொதுப் பாதை. மோட்டார் வைத்த வண்டிக்கு அங்கே இடம் உண்டா? நடப்பவர்களுக்குத் தொந்தரவாகவும் இருக்கக் கூடாது.

பதில்: தாராளமாக ஓட்டலாம், வண்டி பெடெலெக்காக, அதாவது மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும் சைக்கிளாக, இருந்தால். கடையில் எல்லாவற்றையும் ஈ-பைக் என்றுதான் சொல்வார்கள், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மோட்டார் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். பெடல் மிதித்தால் மட்டுமே அது உதவ வேண்டும். வேகம் கூடக் கூட உதவி குறைந்து, மணிக்கு 25 கிலோமீட்டரில் முழுதாக நின்றுவிட வேண்டும். இவை மூன்றும் பொருந்தினால் அது சட்டப்படி சாதாரண சைக்கிள்தான்: லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம், சைக்கிள் போகும் இடமெல்லாம் போகலாம். தள்ளிக்கொண்டு போகும்போது உதவ மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் வரை தானாக நகரும் பொத்தான் இருப்பதிலும் தவறில்லை.

அடுத்து பலகைகளைப் படிக்கத் தெரிய வேண்டும். நீல வட்டத்தில் மேலே ஆட்கள், கீழே சைக்கிள், நடுவில் படுக்கைக் கோடு இருந்தால் அது பொதுப் பாதை. சைக்கிள் அந்தப் பாதையில்தான் போக வேண்டும், பக்கத்து ரோட்டில் இறங்கக் கூடாது. ஆனால் தேவைப்பட்டால் நடப்பவர்களுக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்க வேண்டியது உங்கள் கடமை. கோடு செங்குத்தாக இருந்தால் பாதை இரண்டாகப் பிரிந்திருக்கிறது, சைக்கிளுக்கான பக்கத்திலேயே ஓட்டுங்கள். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது மூன்றாவதில்தான்: நீல வட்டத்தில் ஆட்கள் மட்டும், அதன் கீழே சைக்கிள் படத்தோடு 'ஃப்ராய்' (frei, அனுமதி உண்டு) என்று எழுதிய வெள்ளைப் பலகை. அது நடப்பவர்களின் பாதை, உங்களுக்கு அனுமதி மட்டும்தான். நடை வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அவசரம் என்றால் ரோட்டிலேயே போங்கள், அதற்கு உரிமை உண்டு. இந்தப் பலகைகள் எதுவும் இல்லாத நடைபாதையில் பெரியவர்கள் ஓட்டினால் அபராதம் 55 யூரோவிலிருந்து தொடங்கும்.

இன்னொன்று, ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு. இங்கே ரோட்டின் வலப்பக்கப் பாதைதான் உங்களுடையது. இடப்பக்கப் பாதை பக்கத்தில் இருக்கிறதே என்று அதில் ஏறினால் 20 யூரோ. அதைவிட மோசம், சந்திலிருந்து திரும்பும் கார்க்காரர் அந்தத் திசையில் சைக்கிள் வரும் என்று எதிர்பார்ப்பதே இல்லை.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக எந்த வேகத்திலும் போகலாம் என்றில்லை. கணக்கைப் பாருங்கள். 25 கிலோமீட்டரில் போகும்போது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் நகர்கிறீர்கள். குறுக்கே குழந்தை வந்தால், பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி, அதற்குள் 7 மீட்டர். பிறகு நல்ல பிரேக்கில் காய்ந்த தரையில் நிற்க இன்னொரு 6 மீட்டர். மொத்தம் 13. அதுவே 15 கிலோமீட்டர் என்றால் 6 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடலாம். ஆட்கள் இருக்கும் இடத்தில் 15-க்குக் கீழே வாருங்கள். நாய்க் கயிறு, தள்ளுவண்டி, காதில் இயர்போன் எது தெரிந்தாலும் நடை வேகம்.

மோட்டாரால் வரும் தனிச் சிக்கலும் உண்டு. பெடல் சுற்றுவதை மட்டும் கவனிக்கும் சென்சார் உள்ள மலிவு வண்டிகளில், மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு கணம் தள்ளும். பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் அதில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கூட்டத்துக்குள் நிதானமாக நடந்துகொள்ளும், கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தாலும் தகும். பொதுப் பாதையில் ஏறும் முன் உதவியை ஈக்கோவுக்குக் குறைத்துவிடுங்கள். டர்போவில், அதாவது முழு உதவியில், நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் முதல் மிதியிலேயே வண்டி எகிறும்.

மணியைத் தூரத்திலேயே ஒரு தடவை அடியுங்கள், முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் பயந்து எந்தப் பக்கம் விலகுவார்கள் என்று சொல்ல முடியாது. விலகாவிட்டால் பின்னாலேயே மெதுவாக வர வேண்டும். முந்துவது இடப்பக்கமாக.

புது டிஸ்க் பிரேக் முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. ஆளில்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போய், நடை வேகம் வரை பிரேக் பிடித்து, இப்படி 20, 30 தடவை செய்தால்தான் பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும். செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கும்போது டிஸ்க்கில் தெறித்தால் பிரேக் கத்தும், பிடிக்காது. எண்ணெய் குடித்த பேடைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பேடின் தேயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இடையில் ஒரு கேள்வி: ஆன்லைனில் 750 வாட், கைப்பிடியைத் திருகினாலே ஓடும் வண்டி பாதி விலைக்கு வருகிறதே அண்ணா? வேகத்தை 25-க்கு அமைத்துக்கொள்ளலாம் என்றும் போட்டிருக்கிறார்கள்.

பதில் (வேறொருவர்): தம்பி, அதை வாங்கவே வேண்டாம். செட்டிங்கில 25 எண்டு வைச்சாலும் அது இங்க சைக்கிள் இல்லை, அனுமதி இல்லாத மோட்டார் வாகனம். ராட்வெக்கில (சைக்கிள் பாதையில) மட்டுமில்லை, ரோட்டிலயும் ஓட ஏலாது. பொலிஸ் மறிச்சா அபராதத்தோட முடியாது. காப்புறுதி இல்லாமல் ஓடினதும், வகைக்கேற்ற லைசென்ஸ் இல்லாட்டி அதுவும் குற்ற வழக்கு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கேக்க நடந்துகொண்டிருக்கிற விசாரணையையும் சொல்ல வேணும், அதையும் யோசியுங்கோ. நல்ல பெடெலெக்கை வாங்கி, 25 கிலோமீட்டரில மோட்டார் நிக்கிற வெட்டை எடுக்கிற சின்னக் கருவி பூட்டினாலும் இதே நிலைமைதான். போஷ் மோட்டார் அதைக் கண்டுபிடிச்சு உதவியைக் குறைச்சுப்போடும். வாங்கேக்க ஃபிரேமில ஒட்டியிருக்கிறதைப் பாருங்கோ: ஈஎன் 15194 (ஐரோப்பியத் தர எண்), 25 கிலோமீட்டர், 0.25 கிலோவாட் எண்டு இருக்க வேணும். எல்1ஈ-பி எண்டு இருந்தா அது எஸ்-பெடெலெக்.

முதல் பதிலின் தொடர்ச்சி: எஸ்-பெடெலெக் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம் வரை உதவும். அதற்குக் காப்பீட்டு நம்பர் பிளேட், ஏஎம் (மொபெட்) அல்லது பி (கார்) லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம். இந்திய லைசென்ஸ் இங்கே குடிவந்து ஆறு மாதம்தான் செல்லும். பொதுப் பாதையில் அதற்கு இடமில்லை, மோட்டாரை அணைத்து மிதித்தாலும் வண்டியின் வகை மாறாது. 'ஈ-பைக்ஸ் ஃப்ராய்' என்ற பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது மிதிக்காமலே 25 வரை ஓடும் வேறொரு வகைக்கானது. 45-ல் மேலே போட்ட கணக்கு 32 மீட்டருக்குப் போய்விடுகிறது, அதனால் இந்தத் தடை சரியென்றே நினைக்கிறேன். ட்யூபிங்கன் நகரம் சில சைக்கிள் பாதைகளை அதற்குத் திறந்துவிட்டிருக்கிறது. நடப்பவர்கள் இல்லாத அகலமான பாதையென்றால் அது நியாயம், ஆனால் தனிப் பலகை இருக்கும் இடத்தில் மட்டும்தான்.

வண்டி வாங்கும் வாரத்திலேயே தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுத்துவிடுங்கள். நடப்பவரை மோதினால் மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் உங்கள் தலையில்தான் விழும். பெடெலெக் சைக்கிள் என்பதால் வழக்கமாக அந்தக் காப்பீடே போதும். மோதிவிட்டால் நில்லுங்கள், அடிபட்டிருந்தால் 112, போலீசுக்கு 110. "ஒன்றும் இல்லை, போங்கள்" என்று அவர் சொன்னாலும் பெயர், முகவரி, போன் நம்பர் கொடுத்துவிட்டே கிளம்புங்கள். விவரம் தராமல் இடத்தை விட்டுப் போவது சைக்கிள்காரருக்கும் குற்றம்தான். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதிக்காமல் எழுதுங்கள், அதற்கு முன் "தவறு என்னுடையது, பணம் தருகிறேன்" என்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.