பழைய லை, ணா வடிவங்களை எழுத்துருவில் விதியாக எழுதுவது எப்படி?

கேள்வி:
1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 13 வடிவங்களும் (ணா றா னா, ணொ றொ னொ, ணோ றோ னோ, ணை லை ளை னை) ஓர் எழுத்துருவில் வேண்டும். தட்டச்சு இன்றைய யூனிகோடிலேயே இருக்கட்டும். எஸ்எஸ்01-ஐ (ss01, வேண்டும்போது மட்டும் இயக்கும் மாற்று வடிவத் தொகுப்பு) இயக்கினால் பழைய வடிவம் வர வேண்டும். 13 கிளிஃப் (எழுத்துருவில் இருக்கும் வரைவடிவம்) வரைந்து, 'எழுத்து, பிறகு குறி' என்ற வரிசையில் 13 விதி எழுதியிருக்கிறேன். ஆகாரம் மூன்றும் சரி. ஐகாரம் நான்கும் அசையவே இல்லை. னொ அடித்தால் நான் வரைந்த முழு கிளிஃப் வராமல், கொம்பும் பழைய னாவும் தனித்தனியாக நிற்கின்றன. ஏன்?

மறுமொழி 1:
எஸ்எஸ்01 ஓடும் நேரத்தில் ஷேப்பர் (தட்டச்சிட்ட எழுத்துகளைத் திரையில் வரும் வடிவங்களாக அடுக்கும் நிரல்) வரிசையை மாற்றி முடித்திருக்கும். நீங்கள் அடிப்பது ல, ை. விதிக்குக் கிடைப்பது ை, ல. ஐகார விதி நான்கையும் அப்படியே புரட்டிப் போடுங்கள்.

ஒகரத்தில், ொ ஒரே குறியாக அடித்தாலும் ஷேப்பர் அதை ெ, ா என்று உடைத்துவிடும். னொ உள்ளே ெ, ன, ா ஆகிவிடுவதால் 'ன, ொ' என்ற விதிக்கு வேலையே வராது. உங்கள் 'ன, ா' விதிதான் அங்கே ஓடுகிறது, அது சரியான விடையும்கூட! ஆகாரத்துக்கு 3, ஐகாரத்துக்கு 4, ஆக 7 விதி, 7 கிளிஃப் போதும். மற்ற ஆறையும் தூக்கிவிடுங்கள். கெர்னிங் (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைச் சரிசெய்யும்) வேலையும் குறையும்.

சோதிக்க: அண்ணா, வேறாக, கனா, கண்ணொளி, வேற்றொருவர், முன்னொரு, கண்ணோட்டம், காற்றோட்டம், என்னோடு, தலையணை, வேளை, யானை. பதின்மூன்றும் இதில் வந்துவிடும்.

மறுமொழி 2:
இதற்குப் பிறகும் உலாவியில் மாறவில்லை என்றால், விதி எந்த எழுத்துமுறைக் குறியீட்டின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எழுத்துருவில் டிஎம்எல்2 (tml2, தமிழுக்கான புதிய குறியீடு) இருந்தால் பல உலாவிகள் பயன்படுத்தும் ஷேப்பரான ஹார்ஃப்பஸ் அதைத்தான் எடுக்கும். டிஎஃப்எல்டி-யில் (DFLT, பொதுவான இயல்புநிலைக் குறியீடு) மட்டும் இருக்கும் எஸ்எஸ்01 கண்டுகொள்ளப்படாது. டிஎம்எல்2, டிஏஎம்எல் (taml, தமிழுக்கான பழைய குறியீடு) இரண்டிலும் பதியுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

மறுமொழி 3:
பழைய நூல் முழுவதையும் மறுபதிப்பு செய்வதென்றால் எஸ்எஸ்01 வேண்டாம் என்பேன். பல மின்னூல் செயலிகளில் அதை இயக்க வழியே கிடையாது. அதே 7 விதியை பிஎஸ்டிஎஸ்-க்குள் (psts, ஷேப்பர் தானாகவே இயக்கும் விதித் தொகுப்பு) வைத்தால் எப்போதும் ஓடும். எழுத்துருவுக்கு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள். பழைய ஐகாரத்தின் வளைவு உயரமாக எழும், அதனால் வின்-அசென்ட் (விண்டோஸ் எழுத்துக்கு ஒதுக்கும் மேல் உயரம்) அளவையும் அதற்கு மேல் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் சில செயலிகள் வளைவின் தலையை வெட்டிவிடும்.