‘அலமாரி’ என்ற சொல்லின் வழித்தடம் பற்றி ஓர் உதவி

நண்பர்களுக்கு வணக்கம். ‘அலமாரி’ என்ற சொல்லின் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். அதில் இரண்டு இடங்களில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

கருவி, ஆயுதம் ஆகியவற்றைக் குறிக்கும் ‘ஆர்மா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, பொருள்களை வைக்கும் பேழையைக் குறிக்கும் ‘ஆர்மாரியும்’ பிறந்தது. இடைக்கால ஐரோப்பிய மடங்களில் அது நூற்பேழைக்கும் பெயராயிற்று. நூல்களைக் காத்த துறவியை ‘ஆர்மாரியுஸ்’ என்றார்கள். பிரெஞ்சு ‘ஆர்முவார்’, போர்த்துகீசிய ‘அர்மாரியு’ இரண்டும் அதன் வழிவந்தவையே. 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றிய போர்த்துகீசியரின் மொழியிலிருந்தே இந்தி, வங்காளம், தமிழ், மலாய் ஆகியவற்றுக்கு இச்சொல் வந்ததாகக் கொள்ளப்படுகிறது. இந்தோனேசியத்தில் அது ‘லெமாரி’ என்று சுருங்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த திரிபு. (நம் ‘பீரோ’ பிரெஞ்சு மூலத்தது, அது வேறு கதை.)

முதல் ரகரம் லகரமானது போர்த்துகீசியப் பேச்சுவழக்கிலேயே நிகழ்ந்ததா, இந்திய மொழிகளில் நிகழ்ந்ததா? தமிழ் இதனை நேரடியாகப் பெற்றதா, வேறொரு இந்திய மொழி வழியாகவா? பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ் ஆவணம், கடிதம், அகராதி எதிலேனும் இச்சொல்லைக் கண்டவர்கள், அங்குள்ள எழுத்துவடிவத்தை அப்படியே குறிப்பிட்டு, ஆண்டுடன் தெரிவிக்க வேண்டுகிறேன். ஒலி ஒப்புமையை மட்டும் கொண்ட ஊகங்களைத் தவிர்த்தால் நன்று.