டூ பாஸ் என்கோடிங்: இருமுறையா, இருநடையா, இருசாலா?

கும்பகோணத்திலிருந்து:
வீடியோவைச் சுருக்கிப் பதியும்போது அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு தடவை ஓட்டுவதுதான் 'டூ பாஸ் என்கோடிங்'. அதற்குத் தமிழில் 'இருமுறைக் குறியாக்கம்' என்பது பொருந்தவில்லை. முறை என்றதும் படிப்பவர் இரண்டு வழிவகைகள் என்று எடுத்துக்கொள்கிறார். நம் பக்கம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் முறைதான். 'வண்டி ரெண்டு நடை போச்சு' என்கிறோமே, அந்த நடையை எடுத்து 'இருநடை' என்று வைக்கலாமா?

மன்னார்குடியிலிருந்து:
ஐயா, பெயருக்கு முன் வேலையைப் பார்த்துவிடுவோம். மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ, ஒற்றை அடுக்கு டிவிடி. 4.7 ஜிபி என்பது 470 கோடி பைட் (விண்டோஸில் 4.37 என்று தெரிவதும் இதே அளவுதான்). அதாவது 3,760 கோடி பிட். 10,800 வினாடிக்கு வகுத்தால் வினாடிக்கு 34.8 லட்சம். மெனு முதலியவற்றுக்கு 4 விழுக்காடு கழித்தால் 33.4 லட்சம். ஒலியைப் பிசிஎம்மாக (சுருக்காத வடிவில்) விட்டால் அதுவே 15.36 லட்சத்தைத் தின்றுவிடும். ஏசி-3 (டால்பியின் சுருக்கிய ஒலி வடிவம்) என்றால் 1.92 லட்சம் போதும். படத்துக்கு மிஞ்சுவது 31.5 லட்சம்.

இதை எல்லா வினாடிக்கும் சமமாகப் பிரித்தால் அட்சதை விழும்போதும் ஃபிளாஷ் அடிக்கும்போதும் படம் கட்டம்கட்டமாக உடையும்; மேடையில் அசையாமல் நிற்கும் காட்சியில் பிட் வீணாகும். அதனால்தான் முதல் ஓட்டம் படத்தை எழுதாமல், எந்தக் காட்சிக்கு எவ்வளவு தேவை என்று மட்டும் கோப்பில் குறித்துக்கொள்கிறது. இரண்டாவது அதைப் பார்த்துப் பங்கிடுகிறது. சராசரி 31.5, உச்சம் 80 லட்சம் என்று வையுங்கள். தரநிலை 98 வரை இடம் தந்தாலும் வீட்டில் எழுதிய டிஸ்க் பழைய பிளேயரில் திக்கும்.

இருட்டில் எடுத்த காட்சியின் புள்ளி இரைச்சல் பிட்டை வெகுவாகக் குடிக்கும். அதை வடிகட்டுவதானால் முதல் ஓட்டத்துக்கு முன்பே, இரண்டிலும் ஒரே அளவில் செய்யவேண்டும். நடுவில் ஒரு காட்சியை வெட்டினாலும் பழைய குறிப்பு செல்லாது, முதலிலிருந்து ஓட்டவேண்டும்.

இரண்டு ஓட்டமும் ஒரே படத்தை முனையிலிருந்து முனைவரை கடக்கின்றன. வயலில் இதற்குச் சொல் இருக்கிறது: சால், ஏர் ஒருதரம் ஓடும் தடம். 'இருசால் குறியாக்கம்.'

கும்பகோணத்திலிருந்து:
தம்பி, உழவில் முதல் சாலே மண்ணைப் புரட்டிவிடும். இங்கே முதல் ஓட்டம் படத்தைத் தொடுவதே இல்லையே?

மன்னார்குடியிலிருந்து:
உண்மைதான், ஐயா. ஆனால் 'ரெண்டு சால் ஓட்டு' என்று வினையும் கூடவே வருகிறது. எந்த ஸ்டுடியோவிலும் விளக்கம் கேட்கமாட்டார்கள். முதற்சால், மறுசால், முதற்சால் பதிவு (முதல் ஓட்டம் எழுதும் குறிப்புக் கோப்பு) என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் பிறக்கின்றன. 'நடைப் பதிவு' என்றால் உரைநடையும் நடைப்பயிற்சியும் குறுக்கே வரும்.

கும்பகோணத்திலிருந்து:
நடையை விட்டுவிடுகிறேன். ஒரு திருத்தம்: இரண்டுக்கு மேல் ஓட்டுவதற்குப் 'பலசால்' வேண்டாம், காதில் பலசாலி என்று விழுகிறது. 'பன்சால்' என்று பதிவோம்.